நான் எழுதாமல் விட்ட ஊர்

ரூ லூயி-பிளாங்க் தெருவில் நான் பல வருடங்கள் உட்கார்ந்திருந்த அறையில் இப்போது கைப்பேசி திருத்துகிறார்கள். என் மேசை இருந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்று நிற்கிறது, உள்ளே உடைந்த திரைகள். போன வருடம் அந்தப் பக்கம் போனபோது, எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்த இரண்டு பேர் வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர்கள் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம்.

“அண்ணை, இஞ்சை இருக்கிற ஆக்களுக்குள்ளை நீங்கள்தான் பழசு. கேஸ் எழுதின அனுபவத்தை எழுதித் தாங்கோ. இப்ப எல்லாரும் ஃபோனுக்குள்ளை கதைச்சு, அது சொல்லுற பிரெஞ்சைத் தூக்கிக்கொண்டு வருகினம்.”

பொன்னாடை போர்த்தும் யோசனை இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் எழுதலாம் என்று தோன்றியது. என்னிடமும் நல்ல கதைகள் உண்டு. நான் எழுதிக் கார்ட் கிடைத்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் கலியாண வீட்டில் என்னை முன்வரிசையில் இருத்துகிறார்கள். அவற்றை அவர்களே சொல்லிக்கொள்ளட்டும். நான் சொல்ல வேண்டியது சுப்பையாவைப் பற்றி. பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றதெல்லாம் நடந்தபடி.

வெளியில் இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இங்கே அகதியாக வந்தவர் தனக்கு நடந்ததைப் பிரெஞ்சில் எழுதி அகதி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மாதங்கள் கழித்து அதே கதையை ஓர் அதிகாரி முன்னால் வாயால் சொல்ல வேண்டும். தாளும் வாயும் பொருந்தினால் இங்கேயே வாழ அனுமதிக்கும் கார்ட். அந்தத் தாளைத்தான் தமிழ்க் கடைகள் நிறைந்த இந்த லா சப்பலில் கேஸ் என்போம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளில் வந்தவன். மூன்று வருடம் உணவகக் கீழறையில் கோப்பை கழுவினேன். பிரெஞ்சை மீன்பெட்டி ஒட்டுத்தாள்களிலும் பழைய பேப்பர்களிலும் படித்தேன். பிறகு மதாம் விக்தோரினிடம் எழுத்துவேலைக்குச் சேர்ந்தேன். மதாம் பாண்டிச்சேரிக்காரர். நீதிமன்றப் பட்டியலில் பெயருள்ள, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளர். கறுப்புக் கைப்பை, வெள்ளை ரவிக்கை, எப்போதும் சீவிய பென்சில் நான்கு. யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. ஆனால் நான் எழுதிய தாளை வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாரென்றால் அதில் ஏதோ பிழை என்று அர்த்தம்.

அவரிடம் ஒரு கேஸுக்கு மூன்று அமர்வு. முதல் அமர்வில் எழுதக் கூடாது. வந்தவரிடம் வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து, சொந்த ஊரைப் படமாகக் கீறச் சொல்ல வேண்டும். கீறி முடித்ததும் மதாம் அந்தப் படத்தில் விரலை வைத்து நடப்பார். “இப்ப நான் இந்த ஸ்கூல்கிட்ட நிக்கிறேன். கோஷ்ல திரும்புனா என்னா வரும்?” கோஷ் என்றால் இடப்பக்கம். வந்தவர் சொல்வார், மதாம் விரல் நகரும், கிணறு வரும், கோவில் வரும், யாருடைய வீட்டு நாய் கடிக்கும் என்பதும் வரும். ஊருக்குள் நடந்தவர் பிறகு தடுமாற மாட்டார் என்பது மதாமின் எண்ணம். இரண்டாம் அமர்வில் எழுதுவது. மூன்றாம் அமர்வில் எழுதியதைத் திருப்பித் தமிழில், ஒரு வரி விடாமல், வந்தவருக்கு வாசித்துக் காட்டுவது. அதற்குப் பிறகே கையெழுத்து.

சேர்ந்த புதிதில் ஒருவருக்கு ‘மிருகத்தனமாகச் சித்திரவதை செய்தார்கள்’ என்று எழுதிவிட்டேன். மதாம் கண்ணாடியைக் கழற்றினார்.

“அந்த மிசியே உங்ககிட்ட என்னா சொன்னாரு?”

“அடிச்சவங்கள் எண்டு சொன்னவர், மதாம்.”

“மிருகத்தனம் யாரு சொன்னது?”

நான் என் குறிப்பைப் புரட்டினேன், அதில் அந்தச் சொல் இல்லை.

“நீங்க கேட்டீங்களா தேவன், இல்ல நீங்களே சொல்லிட்டீங்களா?”

தாளைக் கிழிக்கவில்லை. என் கையில் தந்து என்னையே கிழிக்கச் சொன்னார். அந்தக் கேள்வியை அவர் வாயால் பத்துப் பன்னிரண்டு வருடம் கேட்டிருப்பேன். கண் மங்கிப்போய் அவர் மகளோடு தெற்கே போனபோது, பென்சில்களையும் அறைச் சாவியையும் எனக்குத் தந்துவிட்டுப் போனார். என் பெயரும் நீதிமன்றப் பட்டியலில் ஏறியிருந்தது. நானும் முத்திரை வைத்திருந்தேன். கொஞ்சம் தலைக்கனமும் வைத்திருந்தேன் என்று இப்போது சொல்லலாம்.

இரண்டாயிரத்து ஒன்பதில் வன்னியில் எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் என் படிக்கட்டில் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் தாள் அனுப்ப இருபத்தொரு நாள்தான் தவணை. மூன்று அமர்வை நான் ஒன்றாக்கினேன். படம் கீறுவதை நிறுத்தினேன். கடைசிச் சண்டை, பதுங்குகுழி, முள்வேலி முகாம் எல்லாவற்றுக்கும் பிரெஞ்சில் எழுதிய பந்திகள் தயாராக வைத்திருந்தேன். பெயரையும் திகதியையும் மாற்றினால் போதும். திருப்பி வாசிப்பதும் நின்றுபோனது. “எல்லாம் சரியா எழுதியிருக்கு, இதிலை ஒரு கையெழுத்தை வையுங்கோ,” என்பேன். வைத்தார்கள். பெரும்பாலும் கார்டும் கிடைத்தது, அதனால் செய்வது பிழை என்ற யோசனையே எனக்கு வரவில்லை.

சுப்பையா வந்தது அந்த வருடத்து மழைக்காலத்தில். நாற்பதுக்குக் கிட்டிய வயது, ஒடிசலான ஆள். நகருக்கு வெளியே ஸ்தேனில் ஒரு அறையில் நாலு பேரோடு படுக்கை. மனைவியும் பன்னிரண்டு வயது மகனும் வவுனியாவில் முகாமிலிருந்து வெளியே வந்து யாரோ வீட்டுக் கொட்டிலில் இருந்தார்கள். கார்ட் கிடைத்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். பிறப்புச் சான்றிதழ் கடைசிச் சண்டையில் போய்விட்டது. எழுத்துவாசனை குறைவு, கையெழுத்து மட்டும் வைப்பார்.

“எந்த இடம்?” என்று கேட்டேன்.

“தேத்தாமுறிப்பு, ஐயா.”

“அது எங்கை?”

“முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் நடுவிலை, காட்டுக்கரை. இப்ப அங்கை எங்கடை ஆக்கள் இல்லை. அதுக்கு முந்தி நாங்கள் மலையிலை, தேயிலைத் தோட்டத்திலை. எழுபத்தேழு கலவரத்திலை நாங்கள் இருந்த லயத்து வீடுகளை எரிச்சுப்போட்டாங்கள். அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு வந்தவர். எனக்கு அப்ப நாலு வயசு.”

நான் பேனாவை நிறுத்தினேன். என் மனதில் அப்போது ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலாவது, மலை, காடு, இல்லாத ஊர் என்று இந்தக் கதை நீளும், அதிகாரிக்கு விளங்காது, வெளியே பதினைந்து பேர் காத்திருக்கிறார்கள். இரண்டாவது, எங்கள் வீட்டுப் புகையிலைத் தோட்டத்துக்கு மலையகத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்களுக்குத் தனிக் கோப்பை, தனி மூலை. என் வாயிலும் ‘தோட்டக்காட்டார்’ என்ற இழிசொல் சர்வசாதாரணமாக வந்த காலம் அது. சுப்பையா ‘தோட்டம்’ என்றதும் அதைத் தாளில் ஏற்றுவது அவருக்கே குறைச்சல் என்று நான் நினைத்தேன். அவருக்கு நன்மை செய்வதாகவே நினைத்தேன். முல்லைத்தீவுக்காரர் என்று எழுதினால் சண்டையோடு நேராகப் பொருந்தும்.

“பழங்கதை வேண்டாம் அப்பன். அவங்கள் கேக்கிறது கடைசிச் சண்டையைத்தான்,” என்றேன்.

“நீங்கள் சொன்னால் சரி ஐயா.”

அவரும் அவருடைய தகப்பன் பழனியாண்டியும் முல்லைத்தீவில் பிறந்து, தொடர்ந்து அங்கேயே வாழ்ந்தவர்கள் என்று எழுதினேன். மற்றது தயாராக இருந்த பந்திகள். வாசித்துக் காட்டவில்லை. சுப்பையா கையெழுத்து வைத்தார், கீழே நான் முத்திரை குத்தினேன். முழுவதற்கும் முக்கால் மணித்தியாலம் பிடித்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். மழையில் நனையாமல் பொலித்தீன் பையில் சுற்றிய கடிதம் கையில் இருந்தது.

“என்ன போட்டிருக்கு ஐயா?”

பிரித்து வாசித்தேன். எழுத்து வாக்குமூலத்தில் முல்லைத்தீவில் பிறந்தவர் என்று உள்ளது, விசாரணையில் மலைநாட்டுத் தோட்டம் ஒன்றில் பிறந்ததாகக் கூறினார், சிறுவயதில் வாழ்ந்ததாகக் கூறிய கிராமம் எழுத்தில் இல்லை, வரைபடத்திலும் இல்லை, ஆகவே அவர் எங்கிருந்து வந்தவர் என்பதே ஐயத்துக்குரியது என்று தெளிவான பிரெஞ்சில் இருந்தது. மறுத்துவிட்டார்கள்.

நான் வாய் திறக்குமுன் அவரே சொன்னார். “அந்தத் துரை தாளிலை வேறை மாதிரி இருக்கெண்டு கேட்டவர். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் சொன்னதைத்தானே நீங்கள் எழுதினனீங்கள்?”

அந்த வருடம் நீதிமன்றப் பட்டியலில் என் பெயர் புதுப்பிப்புக்குப் போயிருந்தது. ஒரு முறைப்பாடு போனால் முத்திரை போய்விடும். அதை நினைத்தேன் என்று சொன்னால் ஏதோ யோசித்துச் செய்ததுபோல ஆகும். யோசிக்கவில்லை, பதில் உடனே வந்தது.

“நீங்கள் சொன்னதைத்தான் எழுதினனான். நீங்கள்தான் அங்கை பயத்திலை மாத்திச் சொல்லிப்போட்டியள்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். “இருக்கும் ஐயா. என்ரை வாய்தான் பிழைச்சுப்போச்சு,” என்றார். பிறகு, “ஊர் மேப்பிலை இல்லையெண்டும் சொன்னவர். ஒரு தாள் தாறியளோ, நான் கீறிக் காட்டுறன்?”

மதாம் விட்டுப்போன பென்சில்களில் ஒன்றைக் கொடுத்தேன். எழுதத் தெரியாத அந்தக் கை கோட்டைத் தயக்கமில்லாமல் இழுத்தது. முதலில் குளக்கட்டு. கட்டுக்குக் கீழே வயல். காட்டை வெட்டி வரிசையாகப் போட்ட கொட்டில்கள். ஒவ்வொன்றுக்கும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் என்று சொன்னார். தென்னங்கீற்றுப் பள்ளிக்கூடம். முனியாண்டி கோவில். நடுவில் ஒரு வட்டம்.

“இது கிணறு. அப்பா வெட்டினது. முதல் ரெண்டு இடத்திலையும் கல்லு. மூண்டாவது இடத்திலைதான் தண்ணி வந்தது.”

பிறகு ஊருக்குள் வரும் பாதையில் ஒரு சின்னப் பெட்டி கீறினார். அது ஜீப். அவருக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது ஆமியின் ஜீப் ஒன்று அந்தப் பாதையால் வந்து, ஒலிபெருக்கியில், நாளைக்குள் எல்லாரும் வெளியேற வேண்டும், நின்றால் சுடுவோம் என்று சொல்லிக்கொண்டு போயிருக்கிறது. கதிர் முற்றியிருந்தது. வெட்ட விடவில்லை. தகப்பன் கிணற்றுக் கப்பியைக் கழற்றி எடுத்துக்கொண்டு நடந்தாராம். சில மாதம் கழித்து அங்கே வேறு இனத்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றி, சிங்களத்தில் வேறு பெயர்ப்பலகை நட்டார்கள். தமிழர் அந்தக் குளக்கட்டைத் தாண்டிப் போக முடியாது. ஒளித்துப் போய்ப் பார்த்த ஒருவர், கிணற்றில் புதுக் கயிறு தொங்குகிறது என்று வந்து சொன்னாராம்.

“பிறகு?” என்று கேட்டேன். பதிலைக் கேட்கவேண்டும் என்று நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

“பிறகு வன்னிக்குள்ளை வேறை தமிழாக்களின்ரை ஊரிலை ஒதுங்கினம். அங்கையும் எங்களுக்குக் கிணறு வேறை. தோட்டக்காட்டார் எண்டு பிள்ளையள் கல்லெறிவினம். பள்ளிக்கூடத்தை அதோடை விட்டனான். எங்கையிருந்து வந்தம் எண்டு வாய் திறக்காதை எண்டு அம்மா சொல்லுவா. நான் உங்களை மாதிரிக் கதைக்கப் பழகினதும் அதாலைதான்.”

அந்தப் படத்தை அப்போதே மேன்முறையீட்டோடு இணைத்து, எழுதியது என் பிழை என்று ஒரு பக்கம் எழுதியிருக்கலாம். ஒரு பக்கம் போதும். நான் படத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மேன்முறையீட்டுக்கு ஒரு சட்டத்தரணி கிடைத்தார், இளம் பிரெஞ்சுப் பெண், கெட்டிக்காரி. சந்திப்புக்கு நானே துணைமொழிபெயர்ப்பாளராகப் போனேன். அவர் தாளைப் பார்த்ததும் சரியான இடத்தில் விரலை வைத்தார். “கையெழுத்து வைக்குமுன் இதை இவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்களா என்று கேளுங்கள்,” என்றார்.

நான் சுப்பையாவின் பக்கம் திரும்பினேன். “நான் எழுதினது சரியெண்டுதானே கையெழுத்து வைச்சனீங்கள்?”

“ஓம் ஐயா.”

“ஆம் என்கிறார்,” என்று பிரெஞ்சில் சொன்னேன்.

என் முப்பது வருட வேலையில் மிகச் சிறிய மொழிபெயர்ப்பு அதுதான். சட்டத்தரணி ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். படியிறங்கும்போது சுப்பையா கோர்ட்டில் எதைச் சொல்வது என்று கேட்டார். தோட்டக் கதை வேண்டாம், தாளில் உள்ளபடி முல்லைத்தீவு என்றே சொல்லுங்கள் என்றேன். அப்படியே சொன்னார். ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொன்று சொல்கிறார் என்று நீதிமன்றமும் மறுத்தது. என் பெயர் பட்டியலில் புதுப்பிக்கப்பட்டது. அந்தக் கடிதம் வந்த அன்று கோவிலுக்குப் போய் அர்ச்சனை செய்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அவர் திரும்பிப் போகவில்லை. லா சப்பலிலேயே ஓர் உணவகத்தின் கீழறையில் வெங்காயம் உரித்தார், பாத்திரம் கழுவினார். கார்ட் இல்லாதவருக்கு வேறு என்ன கிடைக்கும்? மனைவி வவுனியாவில் சுகமில்லாமல் இருந்து செத்துப்போனார். இவரால் போனில்தான் அழ முடிந்தது. ஒவ்வொரு வருடமும் ரூ பஜோல் தெருவில் கோவில் தேர் வரும்போது, சிதறுதேங்காய் கூட்டும் ஆட்களோடு விளக்குமாறும் கையுமாக நிற்பார். என்னைக் கண்டால் விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிடுவார். நான் கூட்டத்துக்குள் ஒதுங்கிவிடுவேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தேர்நாளில், அவரே என்னைத் தேடி வந்தார். முகத்தில் சிரிப்பு.

“ஐயா, மகனுக்குப் பொடியன் பிறந்திருக்கு. பிறப்புப் பதியப் போனவன் அங்கையிருந்து ஃபோன் எடுத்தவன். பாட்டன் பிறந்த இடம், இனம் எல்லாம் அந்தத் தாளிலை கேக்கிறாங்களாம். முல்லைத்தீவு எண்டே போடு, இந்தியத் தமிழர் எண்டு போடாதை, இலங்கைத் தமிழர் எண்டு போடு எண்டு சொல்லிப்போட்டன். நான் உண்மையைச் சொல்லிப் பட்டது போதுமையா. மலையெண்டும் தெரியாது, தேத்தாமுறிப்பெண்டும் தெரியாது அவனுக்கு. அம்மா சொன்னதை நான் அண்டைக்கே கேட்டிருக்க வேணும்.”

நாதஸ்வரக் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. நான் நல்ல சேதி என்று சொன்னேன். வேறு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஜீப்பில் வந்தவர்கள் ஊரைத்தான் எடுத்தார்கள். அந்த ஊரைச் சொன்னது குற்றம் என்று அவரை நம்பவைத்தவன் நான்.

மலருக்கு எழுதக் கேட்ட பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது என்பதும் கேவலம்தான். பழைய சட்டத்தரணியைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். எழுதித் தாருங்கள், போட்டுப் பார்க்கிறேன், இத்தனை வருடத்துக்குப் பிறகு நம்பிக்கை வைக்க வேண்டாம் என்றார். எழுதிக் கொடுத்தேன். பிறகு லாச்சியிலிருந்த படத்தை எடுத்துக்கொண்டு உணவகத்துக்குப் போனேன். மதியச் சாப்பாடு முடிந்து, பின்னேர வேலை தொடங்காத நேரம். கீழறையில் சுப்பையா வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் எண்ணெய் வாளி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஒன்றைக் கவிழ்த்துத் தந்தார்.

முதல் நாள் தாளில் என்ன எழுதினேன், கடிதத்தில் என்ன இருந்தது, சட்டத்தரணி என்ன கேட்டார், நான் என்ன கேட்டேன், எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். முடிந்த பிறகும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அப்போ நான் சொன்னதுல தப்பு இல்லீங்களா?” என்றார்.

அத்தனை வருடமும் என்னோடு எங்களைப் போலவே பேசியவர். தாயின் மலையகப் பேச்சு அது என்று எனக்கு விளங்கியது.

“இல்லை. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி.”

“ஒண்ணுமே தப்பு இல்லீங்களா?”

“ஒண்டும் இல்லை.”

ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் படத்தை வாங்கி முழங்காலில் விரித்தார். கிணற்று வட்டத்தின்மேல் விரலை வைத்தார். மேலே யாரோ கதிரைகளை இழுத்துப் போட்டார்கள்.

“பேனா இருக்குங்களா?” என்றார் பிறகு. “பேரனுக்கு எழுதணும். நான் சொல்றத மட்டும் எழுதுங்க.”

மடியில் தாளை வைத்துக்கொண்டு எழுதினேன். லயம், கலவரம், காடு, குளக்கட்டு, ஜீப், முற்றிய கதிர். அவர் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். முடிந்ததும், “வாசிச்சுக் காட்டுங்க,” என்றார். முதல் வரியிலிருந்து வாசித்தேன். கிணற்றுக்கு வந்ததும் கையை நீட்டி மறித்தார்.

“அங்க அப்பா பேரைப் போடுங்க.”

பழனியாண்டி என்று எழுதினேன். பிறகு நிமிர்ந்து, அப்பா எங்கே பிறந்தவர் என்று கேட்டேன். சுப்பையா தோட்டத்தின் பெயரை மெதுவாக, இரண்டு தரம் சொன்னார். எழுதினேன்.